கூடுதல் பாத்ரூம் கட்டினால் வீட்டின் விற்பனை மதிப்பு கூடுமா? சுவரை உடைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரே ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில் இரண்டாவதாக ஒன்று சேர்த்தால் விலை பெரும்பாலும் கூடும். இரண்டு உள்ள வீட்டில் மூன்றாவது சேர்ப்பது, படுக்கையறை எத்தனை என்பதைப் பொறுத்தது. மூன்று இருக்க நான்காவது என்றால் அது உங்கள் வசதிக்காகக் கட்டிக்கொள்வது; விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வரும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

வீடு பார்க்க வருகிறவரின் மனதில் ஓடுவது காலை ஏழு மணிக் காட்சிதான். ஒருவர் குளிக்கிறார், ஒருவர் கதவைத் தட்டுகிறார், இன்னொருவருக்கு வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. அந்த நெருக்கடியைத் தீர்க்கும் பாத்ரூமுக்குத்தான் அவர் பணம் கொடுப்பார். நெருக்கடியே இல்லாத வீட்டில் இன்னொன்றைக் காட்டினால், கழுவித் துடைக்க இன்னும் ஒரு இடம் என்றுதான் தோன்றும். கைக்கணக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: இரண்டு படுக்கையறைக்கு இரண்டு பாத்ரூம் போதும், மூன்று படுக்கையறைக்கு இரண்டு கட்டாயம், மூன்று இருந்தால் நல்லது, நான்குக்கு மூன்று. படுக்கையறையைவிட பாத்ரூம் எண்ணிக்கை அதிகமாகிவிட்டால், அந்தக் கூடுதலுக்குத் தனியாக விலை கிடைப்பது அரிது.

காகிதத்தில் முதலில்

வீட்டுத் தரகரிடம் "இரண்டாவது பாத்ரூம் போட்டால் எவ்வளவு கூடும்?" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் வரும். அதற்குப் பதில், உங்கள் பகுதியில் கடந்த ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற நான்கைந்து வீடுகளின் விவரம் கேளுங்கள். விளம்பரத்தில் போட்ட விலை வேண்டாம், கைமாறிய விலை வேண்டும். பாதி வீடுகள் ஒரு பாத்ரூம் உள்ளவையாகவும் பாதி இரண்டு உள்ளவையாகவும் இருந்தால் கணக்கு எளிது.

ஓர் உதாரணம். உங்களைப் போன்ற, ஒரு பாத்ரூம் வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1,000 சதுர அடி. அருகில் இரண்டு பாத்ரூம் உள்ள, 1,050 சதுர அடி வீடு ஒன்று 112-க்கு விற்றிருக்கிறது. இந்த 12-ம் பாத்ரூமால் வந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அந்த வீடு 5 சதவீதம் பெரியது. கூடுதல் பரப்புக்கு முழு விகிதத்தில் விலை கிடைக்காது. பாதி விகிதம் என்று வைத்தால் 2.5. அங்கே சமையலறை புதிது, தரையும் புதிது, அதற்கு 3.5 கழியுங்கள். மீதி 6. இதே போல இன்னும் இரண்டு மூன்று ஜோடிகளைப் போட்டுப் பாருங்கள். 5, 6, 7 என்று வந்தால் நம்பலாம். ஒன்றில் 2, இன்னொன்றில் 11 என்று வந்தால், நீங்கள் ஒப்பிடும் வீடுகள் ஒன்றுக்கொன்று ஒப்பாகாதவை. வேறு வீடுகளைத் தேட வேண்டும்.

அடுத்து செலவு. மேஸ்திரி சொல்லும் தொகையோடு பத்து முதல் இருபது சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்; பழைய வீட்டில் தரையை உடைத்தபின்தான் பல விஷயங்கள் தெரியவரும். அனுமதிக் கட்டணம், வரைபடக் கூலி, குப்பை அள்ளும் செலவு, உடைத்த பக்கத்து அறையின் பூச்சு, பெயிண்ட் எல்லாம் இதில் வர வேண்டும். மொத்தச் செலவு 5 என்றால், மதிப்பு 6 கூடும் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். செலவு 8 என்றால் விற்பதற்காக மட்டும் செய்ய வேண்டாம். நான்கைந்து வருடம் நீங்களே புழங்கிவிட்டு அப்புறம் விற்பதாக இருந்தால் அந்த 2-ஐ வசதிக்குக் கொடுத்த விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது நியாயமான செலவுதான்.

மூன்று மாதத்தில் விற்கப் போகிறவருக்கு எங்கள் ஆலோசனை வேறு: இருக்கும் பாத்ரூமைச் சரிசெய்யுங்கள். ஒழுகும் குழாய், கறுத்த கிரவுட் (டைல் இடுக்குகளை நிரப்பும் கலவை), ஆடும் கிளாசட் (கழிப்பறை இருக்கை), ஓதம் ஏறிய கதவு நிலை. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு புதிதாகக் கட்டுவதில் சிறு பங்குதான். பார்க்க வருகிறவர் பேரம் பேச முதலில் பிடிக்கும் இடங்களும் இவைதான்.

எந்த இடத்தைக் கொடுப்பது

பாத்ரூமுக்காக ஒரு படுக்கையறையைக் கொடுக்காதீர்கள். மூன்று படுக்கையறை, ஒரு பாத்ரூம் என்றிருந்த வீடு இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம் என்று மாறினால், செலவழித்துவிட்டு மதிப்பையும் குறைத்துக்கொண்டதாகவே முடியும். வாங்குகிறவர்கள் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் தேடலையே தொடங்குகிறார்கள். அந்த வரிசையிலேயே உங்கள் வீடு வராமல் போகும்.

எடுக்கக்கூடிய இடங்கள்: நடைபாதையின் முட்டுச்சந்து, பெரிய படுக்கையறையின் ஒரு மூலை, பயன்படாத பொருள் அறை, மாடிப்படியின் அடி, ஏற்கெனவே உள்ள பாத்ரூம் அல்லது சமையலறைச் சுவரின் மறுபக்கம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பழைய குழாய்ச் சுவரோடு முதுகோடு முதுகாக அமைத்தால் கழிவுக்குழாயின் நீளம் ஒன்றிரண்டு அடியோடு முடிந்துவிடும்.

உள்ளே குறைந்தபட்ச அளவுகள் இவை. கிளாசட்டின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 38 செ.மீ., முன்னால் 55 முதல் 60 செ.மீ. இடம் வேண்டும். ஷவர் நிற்கும் இடம் 80 × 80 செ.மீ.க்குக் கீழே போனால் முழங்கை சுவரில் இடிக்கும். 90 × 90 வசதி. குளிக்கும் இடத்தோடு சேர்ந்த பாத்ரூமுக்கு 5 × 7 அடி தாராளம். அதற்குக் குறைவாகவும் செய்யலாம், ஆனால் கதவு திறக்கும் திசையை மிகவும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். கிளாசட்டும் பேசினும் மட்டும் என்றால் 3 × 6 அடியில் அடங்கிவிடும். மாடிப்படிக்குக் கீழே வைத்தால் கிளாசட்டின் முன்னால் நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் 2.1 மீட்டர் உயரம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். சாய்வான பக்கத்தைக் கிளாசட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விடலாம்.

இந்த அளவெல்லாம் டைல்ஸ் ஒட்டி முடித்தபின் மிஞ்ச வேண்டியவை. பூச்சும் பசையும் டைலும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் 3 முதல் 4 செ.மீ. தின்றுவிடும், எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் சேர்த்து 7 செ.மீ. போகும். தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கிளாசட் வரும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கையில் துண்டோடு உள்ளே வந்து கதவைச் சாத்துவதுபோல் செய்து பாருங்கள். வரைபடத்தில் சரியாகத் தெரிந்த கதவு, பேசின் விளிம்பில் இடிப்பது இப்போதுதான் தெரியும்.

வாசல் எந்தப் பக்கம் என்பதும் விலையைத் தொடும். இருக்கும் ஒரே பாத்ரூம் பொதுவில் இருந்தால் புதியதைப் பெரிய படுக்கையறையோடு இணைக்கலாம். இருப்பதே படுக்கையறைக்குள் என்றால் புதியதற்கு நடைபாதையிலிருந்து வாசல் வேண்டும். விருந்தாளி யாருடைய படுக்கையறையையும் தாண்டிப் போக வேண்டியிருக்கக் கூடாது. மாடி வீட்டில் தரைத்தளத்தில் குளியலறையே இல்லையென்றால், அங்கே வருவதற்குத்தான் மதிப்பு அதிகம். முழங்கால் வலி உள்ளவர் இருக்கும் எந்தக் குடும்பமும் அதைக் கவனிக்கும். குளிக்கும் வசதி இல்லாத கழிப்பறை விற்பனைக் கணக்கில் அரைப் பாத்ரூம்தான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிற வீட்டில், முடிந்தவரை ஷவருக்கும் இடம் கண்டுபிடியுங்கள்.

கழிவுக்குழாய்தான் செலவைத் தீர்மானிக்கும்

டைல்ஸ் விலை, குழாய் விலை எல்லாம் கடையில் நின்று கூட்டிக் குறைக்கக் கூடியவை. கிளாசட்டிலிருந்து, நேராக இறங்கும் பெரிய கழிவுக்குழாய்வரை எவ்வளவு தூரம், அந்தத் தூரத்துக்கு வாட்டம் (சரிவு) கிடைக்கிறதா என்பது அப்படிக் குறைக்க முடியாதது.

கிளாசட்டின் குழாய் 110 மி.மீ. வாட்டம் 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை. 50-க்கு 1 என்று வைத்துக் கணக்கிடுங்கள். தூரம் 3 மீட்டர் என்றால் குழாய் 6 செ.மீ. இறங்க வேண்டும். குழாயின் சொந்தத் தடிமன் 11 செ.மீ., தரை டிராப்பின் (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) ஆழம், மேலே மூடும் கான்கிரீட், டைல் எல்லாம் சேர்த்தால் 25 முதல் 30 செ.மீ. ஆழம் தேவைப்படும். தரைத்தளத்தில் மண்ணைத் தோண்டினால் இது கிடைத்துவிடும். மாடியில், ஏற்கெனவே போட்ட தளத்தின்மேல் கிடைக்காது. அங்கே என்ன வழி?

பின்பக்கம் வெளியேறும் கிளாசட் வைத்து, குழாயைத் தரைக்கு மேலேயே சுவரோரமாகக் கொண்டுபோய் வெளிச்சுவரில் துளையிட்டு இறக்குவது நல்ல வழி. தளத்தில் கைவைக்கத் தேவையில்லை. சுவரில் தொங்கும் கிளாசட்டுக்கும் இது பொருந்தும். அதன் இரும்புச் சட்டத்தை மறைக்கும் சிறு சுவருக்கு 15 முதல் 20 செ.மீ. இடம் ஒதுக்க வேண்டும்.

தளத்தில் துளையிட்டு, கீழ்த்தள அறையின் கூரைக்கு அடியில் குழாயை ஓட்டி, பொய்க்கூரையால் மறைப்பது இன்னொன்று. கீழேயும் உங்கள் வீடே என்றால் சரி. அடுக்குமாடியில் கீழே இருப்பவரின் எழுத்துமூல சம்மதமும் சங்கத்தின் அனுமதியும் இல்லாமல் நினைக்கவே கூடாது. துளையை வைரமுனை இயந்திரத்தால் வட்டமாக வெட்ட வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு அடித்தால், அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். பீமிலும் தூணிலும் துளை வேண்டவே வேண்டாம். தளத்துக்குள் கம்பி ஓடும் இடத்தைக் கண்டறிந்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

மூன்றாவது, பாத்ரூம் தரையை உயர்த்துவது. மலிவானது, ஆனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஒரு படியேறி உள்ளே போவதை வயதானவர்கள் வெறுப்பார்கள். தலைக்கு மேல் உயரமும் குறையும். எடை என்று ஒன்றும் உண்டு. 30 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும் கலவையும் நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். வழக்கமான வீட்டுத்தளம் புழக்கத்துக்காகத் தாங்கும்படி வடிவமைக்கப்படும் எடையைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். லேசான நிரப்பியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது சிறு சுவர்கள் எழுப்பி மேலே பலகைக்கல் பரப்ப வேண்டும். எப்படியானாலும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் செய்யக் கூடாது.

கழிவை அரைத்துத் தள்ளும் பம்பு என்றும் ஒன்று கிடைக்கிறது. 32 மி.மீ. போன்ற மெல்லிய குழாயில் மேல்நோக்கியே தள்ளிவிடும். மின்சாரம் போனால் வேலை செய்யாது, சத்தம் வரும், ஈரத்துடைப்பானோ நாப்கினோ ஒன்று விழுந்தால் அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவர் இதைப் பார்த்தால் பேரத்தில் குறைத்துத்தான் கேட்பார்.

கிளாசட்டைப் பற்றி இவ்வளவு யோசித்துவிட்டு, பேசினுக்கும் தரைத்துவாரத்துக்கும் போகும் சிறிய குழாயைப் பிளம்பரின் போக்கில் விட்டுவிடுவார்கள். சாக்கடை நாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு டிராப்பிலும் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்று, குழாய்க்குள் இருக்கும் வாயுவைத் தடுக்கிறது. டிராப்பைத் தாண்டிய குழாய், கழிவுக்குழாய்க்குள் காற்று போய்வர வைக்கும் காற்றுக்குழாயைச் சேரும்முன் தன் விட்டத்தைவிட அதிகமாக இறங்கிவிட்டால், ஓடும் தண்ணீர் தேங்கிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். 40 மி.மீ. குழாயை 50-க்கு 1 வாட்டத்தில் போட்டால் 2 மீட்டரில் 40 மி.மீ. இறங்கிவிடுகிறது. ஆக, 2 மீட்டருக்குள் காற்றுக்குழாய் ஒன்று வந்தாக வேண்டும். அது கூரைக்கு மேல் திறந்திருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழே முடிக்காதீர்கள். கிளாசட்டில் தண்ணீர் விடும்போது பேசினில் "களக், களக்" என்று சத்தம் வந்தால், காற்று வர வழியில்லாமல் குழாய் டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பொருள்.

படுக்கையாகப் போகும் குழாயில் இணைப்புகளை 45 டிகிரியில் சாய்த்து, ஓட்டத்தின் திசையிலேயே சேர்க்க வேண்டும். நேர் செங்குத்தாக வந்து மோதும் டீ இணைப்பில் கழிவு தேங்கும். திருப்பம் ஒவ்வொன்றிலும் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி வையுங்கள், அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டைலுக்குப் பின்னால் புதைத்த மூடியால் யாருக்குப் பயன்?

தண்ணீர், மின்சாரம், காற்று

குடிநீர்ப் பக்கம் பிரச்சினை குறைவு. முக்கியக் குழாய் முக்கால் அங்குலம், கிளைகள் அரை அங்குலம், பாத்ரூமுக்கென்று தனியாக ஒரு வால்வு. மேல்தொட்டியிலிருந்து வரும் வீடு என்றால், 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஷவர் தலைக்கு மேல் 3 மீட்டரில் தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், அதில் அகலமான மழை ஷவர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். சிறிய பம்பு வைக்க வேண்டும், அல்லது சாதாரணக் கை ஷவரோடு திருப்திப்பட வேண்டும். சுவரில் காடி வெட்டிப் பதித்த குழாய்களை மூடுமுன், வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, இரண்டு மணி நேரமாவது மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பூச்சுவேலைக்குப் பிறகு கண்டுபிடிக்கும் கசிவுக்குச் சுவரையே உடைக்க வேண்டும்.

பாத்ரூம் சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். கீசருக்குத் தனி வயர்: 230 வோல்ட்டில் 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் குறைந்தபட்சம். தூரம் அதிகம் என்றால் 4. ஷவர் பகுதியின் விளிம்பிலிருந்து 60 செ.மீ.க்குள் பிளக் பாயிண்ட் வரக் கூடாது. பல நாடுகளின் விதி இதைவிடக் கூடுதலாகத் தள்ளி வைக்கச் சொல்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேனைக் கண்ணளவில் வாங்காதீர்கள். அறையின் கனஅளவை எட்டால் பெருக்குங்கள். 1.5 × 2.4 மீட்டர் தரை, 2.4 மீட்டர் உயரம் என்றால் 8.6 கனமீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 70 கனமீட்டர் காற்றை வெளியேற்றும் ஃபேன் வேண்டும். குழாய் நீளத்திலும் வளைவிலும் கொஞ்சம் இழப்பதால் 85 இருக்கும் ஒன்றை எடுங்கள். கதவுக்கு அடியில் ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டால்தான் உள்ளே காற்று வரும். இல்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும். ஈரக் காற்றைப் பொய்க்கூரைக்குள் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும் வேலையும் நடக்கிறது. ஆறு மாதத்தில் பலகை பூஞ்சை பிடித்துத் தொங்கும்.

வாட்டர் புரூஃபிங்: அவசரமே கூடாத இடம்

புதிய பாத்ரூம் ஒன்று வீட்டின் மதிப்பைக் கூட்டுவதற்குப் பதில் குறைப்பது பெரும்பாலும் ஒரு வழியில்தான்: அடுத்த அறைச் சுவரில், அல்லது கீழ்வீட்டுக் கூரையில், ஓதத்தின் கறை. மஞ்சள் விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் கறையைப் பார்த்தவர், உள்ளே எவ்வளவு பளபளப்பான டைல்ஸ் இருந்தாலும் சமாதானமாக மாட்டார். டைலும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைப்பதுதான் அடிப்படைப் பிழை. தடுப்பது அடியில் உள்ள வாட்டர் புரூஃபிங் பூச்சு.

வேலையின் வரிசை முக்கியம். எல்லாக் குழாய்களும் தளத்தையும் சுவரையும் துளைத்துப் போய் அசையாமல் பொருத்தப்பட்டபின்தான் பூச்சு தொடங்க வேண்டும். குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் அடையுங்கள். சாதாரண சிமென்ட் கலவை காய்ந்ததும் நூலிழை அளவு விலகும், அந்த நூலிழை போதும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், விரலால் இழுத்ததுபோல் குழிவாக நிரப்புங்கள். மூலைகளிலும் குழாய்க் கழுத்திலும் வலைத்துணி பதித்து, முதல் பூச்சு ஒரு திசையில், அது காய்ந்தபின் இரண்டாவது அதற்குக் குறுக்கே. தரையிலிருந்து சுவரில் 30 செ.மீ. உயரத்துக்கும், ஷவர் சுவர்களில் 1.8 மீட்டருக்குக் குறையாமலும் ஏற்றுங்கள். வாசற்படியின் அடியிலும் மடக்கி ஏற்ற வேண்டும்; அதை விட்டுவிட்டுத்தான் கதவு நிலைக்கட்டை அடியிலிருந்து இற்றுப்போகிறது.

பூச்சு காய்ந்ததும் தரைத்துவாரத்தை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள். அதே அறையில் ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிகிறது. "தெரிஞ்ச கம்பெனி மருந்துதான் சார், டெஸ்ட் எதுக்கு?" என்று கேட்பவரிடம் இந்த 48 மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கீழ்க்கூரையையும் பக்கத்துச் சுவர்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அதற்குப் பிறகு யாரும் அந்தத் தரையில் ஆணியடிக்கவோ துளையிடவோ கூடாது. கிளாசட் பொருத்த வருகிறவர் துளைக்கருவியோடு வந்து பூச்சைப் பிளந்துவிட்டுப் போவது வாடிக்கை. எந்தத் துளை எங்கே என்று முன்பே முடிவு செய்யுங்கள். தவிர்க்க முடியாதது என்றால் துளைக்குள் சீலன்ட் நிரப்பிவிட்டு போல்ட்டை இறக்கச் சொல்லுங்கள்.

தரை வாட்டம் மீட்டருக்கு 12 முதல் 15 மி.மீ. பாத்ரூம் தரை வெளித்தரையைவிட 15 மி.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும். டைல் ஒட்டும்போது நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசை உருண்டை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். அடியில் வெற்றிடம் விழும், அங்கே தண்ணீர் தேங்கி நாறும். ஒட்டிய டைல் ஒன்றை உடனே பெயர்த்துப் பாருங்கள்: முதுகு முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். காய்ந்தபின் நாணயத்தால் தட்டினால், பொக்காக இருக்கும் இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும். வீடு வாங்குமுன் ஆள்வைத்துச் சோதிப்பவர்களும் இதே சோதனையைத்தான் செய்வார்கள். இரண்டு சுவர் சேரும் மூலையில் கிரவுட்டுக்குப் பதில் சிலிகான். கிரவுட் அங்கே விரிசல் விடும். டைல்ஸைத் தேவையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதில் ஒரு பெட்டியை வீட்டோடு ஒப்படைக்க வைத்திருங்கள். அதே நிறம் பிறகு கிடைக்காது.

எதில் மிச்சம் பிடிப்பது

கைபடும் குழாய்களை நடுத்தர விலையில், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் வகையாக வாங்கினால் போதும். குளியல்தொட்டி, வண்ணவிளக்கு, சிவப்பும் கறுப்புமான டைல்ஸ் இவற்றுக்கெல்லாம் செலவழித்தது விலையில் திரும்பாது. உங்களுக்குப் பிடித்த நிறம் வாங்குகிறவருக்கு மாற்ற வேண்டிய நிறமாக இருக்கலாம். வெளிர்நிறச் சுவர், வழுக்காத சொரசொரப்பான தரை, நல்ல வெளிச்சம், துணி மாட்ட நாலு கொக்கி. மிச்சமான பணத்தைப் பூச்சுக்கும் குழாய்க்கும் போடுங்கள்.

அனுமதி வாங்காமல் கட்டுவதை மட்டும் மிச்சம் என்று எண்ண வேண்டாம். வாங்குகிறவர் கடன் வாங்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு வீட்டை ஒப்பிடுவார். வரைபடத்தில் இல்லாத பாத்ரூமை அவர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். வெளிச்சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தால் விற்பனையே தடைப்படலாம். கழிவுத்தொட்டி உள்ள வீட்டில் இன்னொரு கேள்வியும் வரும். அதே குடும்பம் இரண்டு பாத்ரூமில் புழங்குவதால் தண்ணீர் இரட்டிப்பாகிவிடாது. தொட்டியின் கொள்ளளவு ஆட்களைப் பொறுத்தது. ஆனாலும் விதிகள் பல இடங்களில் அறைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதால், அனுமதியின்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மூடப்போகும் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். சுவரில் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பது தெரியும்படி. தண்ணீர் நிறுத்திய சோதனையின் முதல் நாள், மூன்றாம் நாள் படங்கள், பூச்சுக்கான உத்தரவாதத் தாள், அனுமதி நகல், எல்லாம் ஒரே கோப்பில். வாங்க வருகிறவர் "கசியாதா?" என்று கேட்கும்போது பேசத் தேவையில்லை, கோப்பை எடுத்துக் காட்டலாம்.

வேலைக்கு எத்தனை நாள் என்றால், பழைய குழாய்ச் சுவரோடு ஒட்டி அமைப்பதற்கு மூன்று வாரம், தளத்தைத் துளைப்பதாக இருந்தால் ஐந்து வாரம் என்று ஒதுக்குங்கள். பாதி நாட்கள் காய்வதற்குத்தான் போகும், அதைச் சுருக்க வழியில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டு விற்பனைக்கு வைப்பவர்களுக்கு ஒன்று. யாரும் புழங்காத பாத்ரூமில் டிராப்பில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். புத்தம்புது பாத்ரூமாக இருந்தாலும் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை முகத்தில் அடிக்கும், வந்தவர் குழாய்வேலை கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார். பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாளே தரைத்துவாரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள், பேசின் குழாயைச் சற்று நேரம் திறந்துவிடுங்கள், கிளாசட்டில் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். நீண்ட நாள் பூட்டிக்கிடக்கும் என்றால், ஊற்றிய தண்ணீரின்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது தாமதமாகும்.